கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தவர்

செல்வி, குமரா, இதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் படித்துவிட்டு மற்றவருக்குக் கதையாகச் சொல்ல வேண்டாம். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

செல்வி, போன மாதம் மாவட்டப் போட்டிக்கு நீ கிளம்பிய அன்று, தண்ணீர் பாட்டிலை உன் பையில் வைக்கப் போனபோது மாத்திரை அட்டை ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி மாத்திரை. பாதிக்கு மேல் காலி. கேட்டதற்கு, "எல்லாரும் போடுறதுதாம்பா, மேட்சுக்கு முன்னாடி ஒண்ணு போட்டா கணுக்கால் இருக்கிறதே தெரியாது" என்றாய். நான் குனிந்து உன் கணுக்காலைத் தொடப் போனேன். "வலிக்கலப்பா" என்றாய். என் கை படுவதற்கு முன்பே சொல்லிவிட்டாய்.

அந்தச் சொல்லை எனக்குப் பழக்கிவிட்ட ஒருவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பேர் எழுத மாட்டேன். அவர் பெண்டாட்டி பிள்ளைகள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள், உங்களைப் பார்த்தால் நின்று பேசுகிறவர்கள். நாங்கள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அண்ணன் என்றே இருக்கட்டும்.

எங்கள் தெரு வாலிபால் டீமுக்கு அவர்தான் கேப்டன். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வலங்கைமான் ரோட்டில் இருந்த அரவை மில்லில் மூட்டை தூக்குகிற வேலை. குட்டையான ஆள். வலைக்கு மேலே அவர் கை போய் நான் பார்த்ததில்லை. அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது அவர் வேலை. அவர் தூக்கிக் கொடுத்த பந்து ஆணியில் மாட்டி வைத்த மாதிரி அந்தரத்தில் நிற்கும். நாம் போய் அடித்தால் போதும்.

ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் எங்களை வலைக்கம்பத்தின் ஓரம் வரிசையாக நிறுத்துவார். ஒவ்வொருவனிடமும் "எங்க?" என்று கேட்பார். எங்கே அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். தோள் என்றால் தோளில், முட்டி என்றால் முட்டியில் கட்டைவிரலை வைத்து அமுக்குவார். மூட்டை பிடித்துப் பிடித்துக் கொம்பு மாதிரி ஆகியிருந்த விரல். அமுக்கும்போது அந்த இடத்தைப் பார்க்க மாட்டார். கண்ணைப் பார்ப்பார். "வலிக்குதா?"

"இல்லண்ணே."

முகம் மாறாமல் இதைச் சொன்னவன் ஆடலாம். கண் சுருங்கினாலோ உதடு கோணினாலோ அவன் அன்றைக்கு ஆட முடியாது. ஆடாதவன் வீட்டுக்கும் போக முடியாது. கோட்டுக்கு வெளியே, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, வேடிக்கை பார்க்கிற ஜனங்களைப் பார்த்தபடி உட்கார வேண்டும். கடைசிப் புள்ளி வரைக்கும் திரும்பக் கூடாது. பின்னால் பந்துச் சத்தம் மட்டும் கேட்கும். எதிரே ஊரே உன் முகத்தைப் பார்க்கும். நான் ஒரே ஒரு முறை அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகு என் முகம் எதற்கும் மாறியதில்லை.

ஆட்சி மாறி, சாராயக்கடைகளை மறுபடி திறந்திருந்த காலம் அது. மில்லில் லாரிக்கு லோடு ஏற்றுகிற நாளில் மூட்டைக்காரர்கள் ஒரு மாத்திரையை நாக்கில் போட்டு அரை டம்ளர் சாராயத்தால் உள்ளே தள்ளுவார்கள். தண்ணீரில் விழுங்கினால் வேலை செய்ய நேரமாகும் என்று அவர்கள் நம்பிக்கை. இந்த வழக்கத்தை அண்ணன் அப்படியே கோர்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பழைய பல்பொடி டப்பா ஒன்றில் மாத்திரைகளை வைத்திருப்பார். மேட்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆளுக்கு ஒன்று, வலி ஜாஸ்தி என்றால் இரண்டு. மேலே ஒரு மடக்கு. வாடை தெரியாமல் இருக்கப் பாக்கு.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, வேறு மாதிரியான சிரிப்பு. மாத்திரை கொடுப்பவரும் அவர்தான். அது வேலை செய்து மரத்துப்போன பிறகு விரலை வைத்து அமுக்கி, வலிக்கிறதா என்று கேட்பவரும் அவர்தான். இது என்ன பரிசோதனை என்று எங்களில் ஒருவனும் யோசிக்கவில்லை. யாருக்கு எங்கே என்ன கெட்டிருக்கிறது என்பது டீமில் யாருக்கும் தெரியாது. கெட்டவனுக்கே தெரியாது. என் இடது முட்டி எந்த மேட்சில் போனது என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பஸ் படியில் நான் ஏறுவதைப் பார்த்து நீங்கள் கேலி செய்வீர்களே, அந்த முட்டிதான்.

அவர் மற்றவர்களுக்கு மட்டும் சட்டம் வைக்கிற ஆளாக இருந்தால் நாங்கள் கேட்டிருக்க மாட்டோம். வலங்கைமானில் ஒரு மேட்சில் பந்து பட்டு அவருடைய மோதிர விரல் மூட்டு பிசகிப் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். அண்ணன் விரலை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "இவனுக்கு மேட்ச் பாக்க ஆச சார், ஜனங்க பக்கம் திரும்பிட்டான்" என்றார். கம்பத்தில் கையை ஊன்றி ஒரு இழு. சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த சர்வீஸை அதே கையால் போட்டார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். அப்படி ஒரு மனிதனாக ஆகிவிட வேண்டும் என்று அன்றைக்கு ஆசைப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

அவர் ஏன் அப்படி ஆனார் என்று உங்கள் ஆயா எனக்குச் சொல்லியிருக்கிறாள். கூலி உயர்வு கேட்டு நம் ஜனங்கள் அறுப்புக்கு இறங்காமல் நின்ற வருஷம், அவருடைய அப்பாவை மிராசு வீட்டுக் களத்தில் மரத்தில் கட்டி அடித்தார்கள். அடி விழ விழ அந்த மனுஷன், "ஐயா விட்டுடுங்க, ஐயா விட்டுடுங்க" என்று கத்தியது நம் தெரு வரைக்கும் கேட்டதாம். அண்ணனுக்கு அப்போது பத்து வயது இருக்கும். கூலியும் உயர்ந்தது, போலீஸ் வேனும் வந்து போனது, எல்லாம் அடங்கியது. அந்தக் கத்தல் மட்டும் அடங்கவில்லை. மிராசு வீடு இருக்கிற மேலத்தெருப் பசங்கள் அதை ஒரு ராகமாகவே வைத்திருந்தார்கள். அண்ணன் சர்வீஸ் போடப் போகும்போது பின்னாலிருந்து ஒருவன் இழுத்து இழுத்து, "ஐயா... விட்டுடுங்க" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த சர்வீஸ் ஒரு தடவைகூட வலையில் பட்டதும் இல்லை.

எங்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "அவனுங்க பாக்குறப்ப நொண்டாத. நொண்டணும்னா ஊட்டுக்குப் போயி நொண்டு."

இனி தங்கராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தங்கராசு எங்கள் டீமில் இடதுகைக்காரன். என் வயது, பத்தொன்பது. ஐந்து வருஷம் எனக்குப் பக்கத்தில் நின்று ஆடியவன். அந்த வருஷம் கோடையில் பட்டுக்கோட்டையில் ஒரு தென்னந்தோப்பில் பெரிய போட்டி நடந்தது. முதல் நாளே தங்கராசு வயிறு ஒரு மாதிரியாக இருக்கிறது என்றான். அண்ணன் மாத்திரை கொடுத்தார், பிறகு வரிசையில் நிறுத்தி வயிற்றில் விரலை வைத்தார். "இல்லண்ணே" என்றான். கோடியக்கரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த மீன்பிடிக்கிற ஜனங்களின் டீமை அரையிறுதியில் ஜெயித்தோம். கடைசிப் புள்ளியை அவன்தான் அடித்தான். ஆட்டம் முடிந்து கை கொடுக்கும்போது அவர்களுடைய கேப்டன் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "உடம்பு அனலா இருக்கேப்பா. எங்காளு ஒருத்தன் காய்ச்சலோட வந்தா போட்ல ஏத்த மாட்டோம், கரையிலேயே உட்டுட்டுப் போயிடுவோம்" என்றார்.

அண்ணன் சிரித்தார். "கடல் நாளைக்கும் இருக்கும் மாமா. மேலத்தெரு இருக்காது."

ஆமாம், மறுநாள் இறுதி ஆட்டம் மேலத்தெருவோடு. மிராசு வீட்டு மகன் வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த டீம். ஊரில் அவர்களுடைய திடலில் நாங்கள் கால் வைத்ததே கிடையாது. பொது இடத்தில், ஒரே வலைக்கு இரண்டு பக்கமும் நிற்கப் போவது அதுதான் முதல் தடவை. ஊரிலிருந்து இரண்டு தெருக்காரர்களும் லாரி வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

நாங்கள் தங்கியிருந்தது ஒரு தேங்காய் மண்டிக் கொட்டகை. காலையில் பார்த்தால் தங்கராசு மட்டைக் குவியலின் மேல் முட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். அண்ணன் இரண்டு மாத்திரையும் அரை டம்ளரும் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான்தான் கெஞ்சினேன். அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்து, சரி, ஒரு ஊசி போட்டால் மத்தியானம் நன்றாக அடிப்பான் என்று சம்மதித்தார். நாங்கள் மூன்று பேரும் போய்ச் சேர்வதற்குள் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. தங்கராசு நிமிர்ந்து நடந்தான்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பேச்சைப் பார்த்தால் நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பிள்ளை. அவனைப் படுக்க வைத்து, சட்டையைத் தூக்கச் சொல்லி, கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து வயிற்றில் கை வைத்தார். மூன்று இடத்தில் அமுக்கிப் பார்த்தார். வலது பக்கம் கீழே மறுபடியும் அமுக்கி, சட்டென்று கையை எடுத்தார்.

"அமுக்கும்போது வலிக்குதா? எடுக்கும்போது வலிக்குதா?"

டாக்டருக்குப் பின்னால் அண்ணன் நின்றிருந்தார். தங்கராசு டாக்டரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலே அண்ணன் கண்ணைப் பார்த்தான்.

"இல்ல சார்" என்றான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஐந்து வருஷம் பழகிய முகம். விரல் வயிற்றில் பட்டதும் அது தானாகவே அப்படி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் டீமில் இடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

மாத்திரை ஏதாவது போட்டிருக்கிறானா, குடித்திருக்கிறானா என்று டாக்டர் கேட்டார். எங்கள் பசங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்றார் அண்ணன். டாக்டர் அவரை நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. பொய் சொன்னா அவனுக்குத்தான் கஷ்டம்."

பிள்ளைகளே, எனக்குத் தெரியும். எத்தனை மாத்திரை, எத்தனை டம்ளர், எத்தனை மணிக்கு, எல்லாம் தெரியும். சொன்னால் தங்கராசுவை ஆட விட மாட்டார்கள். அவன் இல்லாமல் மேலத்தெருவிடம் தோற்போம். தோற்றதற்கு நான் காரணம் ஆவேன். முதுகைக் காட்டி உட்காரப் போகிறவன் நான். இவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள் என் மண்டையில் ஓடியது. தங்கராசு செத்துப்போகலாம் என்பது மட்டும் ஓடவில்லை.

"இல்ல சார்" என்றேன்.

தனக்குச் சரியாகப் படவில்லை, சாயந்திரம் வரைக்கும் இங்கேயே படுத்திருக்கட்டும், மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். நாங்கள் பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டோம்.

மத்தியானம் இறுதி ஆட்டத்தில் முதல் இரண்டு செட்டும் ஆளுக்கு ஒன்று. மூன்றாவது செட்டின் நடுவில், சர்வீஸுக்கு இடம் மாறும்போது தங்கராசு என் கையைப் பிடித்தான். வேர்த்துக் கொட்டியிருந்த முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

"டேய், வலி போயிடுச்சுடா. சும்மா சொல்லல, நெசமாவே போயிடுச்சு."

அண்ணன் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பாத்தியா? இதுக்குப் போயி ஆஸ்பத்திரின்னான்."

ஜெயித்தோம். ஏதோ வட்டாரத் தலைவர் கட்சிக் கரை வேட்டியோடு வந்து கோப்பையைக் கொடுத்தார். தங்கராசுதான் அதை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினான். நம் தெரு ஜனங்கள் அவனைத் தோளில் வைத்து ஆடினார்கள். ஊர் திரும்புகிற லாரியில் அவனுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. மறுநாள் வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, அறுத்து, மூன்றாம் நாள் போய்விட்டான். குடல்வால் வெடித்து உள்ளே முழுக்கச் சீழ் என்றார்கள். அறுத்த டாக்டர் எங்களை உட்கார வைத்துக் கேட்டார். நடுவில் எப்போதாவது வலி நின்றுவிட்டதாகச் சொன்னானா என்று கேட்டார். ஆமாம், மூன்றாவது செட்டில் என்றேன்.

"அப்பதான் வெடிச்சிருக்கு. வெடிச்சா கொஞ்ச நேரம் நல்லா இருக்கும்."

அண்ணன் அதைக் கேட்டபோதும் அவர் முகம் மாறவில்லை.

பிணம் ஊருக்கு வந்த அன்று சங்கத்து ஆட்கள் சிவப்புக் கொடியோடு வந்தார்கள். கட்சிக்காரர்களும் வந்தார்கள். பட்டுக்கோட்டையில் ஒரு டாக்டர் பார்த்தாராமே, என்ன செய்தார் என்று கேட்டார்கள். அண்ணன் எழுந்து நின்றார்.

"கையே வைக்கல. தள்ளி நின்னு கேட்டுட்டு அனுப்பிட்டாரு. தொடல."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? அங்கே கூடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு எங்கேயோ ஒரு இடத்தில் அப்படி நடந்திருந்தது. நம்மைத் தொடாமல் மருந்து எழுதிக் கொடுத்தவர்களை எல்லோரும் பார்த்திருந்தோம். உண்மையாக நடந்த அத்தனை அவமானத்தையும் எடுத்து, செய்யாத ஒருத்தர் தலையில் வைத்தார் அண்ணன். என்னையும் கேட்டார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஊர்வலம் போனது. அந்த டாக்டருடைய ஸ்கூட்டரை எரித்தார்கள். அவரை எங்கேயோ கடற்கரைப் பக்கம் மாற்றிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

தங்கராசுவின் அம்மா ஒரு நாள் நாற்றங்கால் ஓரம் என்னை நிறுத்தினாள். அழவில்லை. "நீ கூட இருந்தியேப்பா. அவரு என் புள்ள மேல ஒரு வெரலுகூட வைக்கலியா?" என்று கேட்டாள். வைக்கவில்லை என்றேன். "என்ன நோவுன்னு ஒரு கை பட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். சாகிற வரைக்கும் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதைத் திருத்த எனக்குப் பல வருஷம் இருந்தது. திருத்தவில்லை.

அண்ணன் மாறியிருப்பார் என்று நினைப்பீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரமே தங்கராசு பேரில் ஒரு போட்டி வைத்தோம். கம்பத்தின் ஓரம் வரிசையாக நின்றோம். அண்ணன் டப்பாவைத் திறந்தார். பிறகு விரலை வைத்து, "எங்க?" என்றார். "எங்கயும் இல்லண்ணே" என்று ஒவ்வொருவனாகச் சொன்னோம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பிற்பாடு அவருக்குக் கல்யாணமாகி இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். இருவரையும் கோர்ட்டுப் பக்கம் விடவில்லை. பந்தைத் தொட்டால் அடி. அவர்கள் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், ஊதி ஊதி மருந்து போடுவார். நான் பார்த்திருக்கிறேன். எங்கள் முட்டி வேறு, அவர்கள் முட்டி வேறு.

திடலின் ஓரத்தில் தங்கராசுவுக்கு ஒரு சிமெண்ட் மேடை கட்டினார்கள். நீங்கள் அதன் மேல் ஏறி விளையாடியிருக்கிறீர்கள். அதில் மேலே அவன் பேர். அதன் கீழே, "தொட மறுத்த மருத்துவரால் உயிரிழந்தான்" என்று ஒரு வரி. அதற்கும் கீழே தேதி. ஒவ்வொரு வைகாசியிலும் அண்ணன் தன் கையால் அந்த எழுத்துகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிப்பார். ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை.

இந்தத் தை மாதம் அவர் இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. அத்தனை வருஷத்து மாத்திரையும் சாராயமும் என்றார்கள். கடைசி வாரம் தஞ்சாவூரில் போய்ப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தது. நர்ஸ் வந்து விரலால் அமுக்கினால் அந்தக் குழி அப்படியே நின்றது. வலிக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டது. இல்லம்மா என்றார். அது போன பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அந்த டாக்டரு கை சில்லுன்னு இருந்துச்சுன்னு தங்கராசு சொன்னாண்டா. தோப்புக்கு நடந்து வர்றப்ப. நல்லா இருந்துச்சுண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருக்கலாம்னான்."

நான் போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

"எழுத்த உட்டுடாத. எனக்கப்பறம் நீ அடி. அந்த வரிய மங்க உடாத. அது மங்குனா நாமதான் தெரிவோம்."

சரிண்ணே என்று அவர் கையில் கை வைத்துச் சொன்னேன். நாலாம் நாள் போய்விட்டார். பாடையில் ஒரு பக்கம் நான்தான் தூக்கினேன். இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்குக் கோபம் மட்டும் வருவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

செல்வி, உன் மாத்திரை அட்டையை நான் எடுத்து ஒளித்து வைக்கவில்லை. அது உன் பையில்தான் இருக்கிறது. உன்னிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் மூன்று வாரம் சும்மா இருந்தேன். அதற்குள் வைகாசி வந்துவிட்டது.

முந்தாநாள் தெருவே நூறு நாள் வேலைக்கு வாய்க்கால் வெட்டப் போயிருந்தது. நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். ஒரு வாளிச் சுண்ணாம்பும், சிவப்புப் பெயிண்ட் டப்பாவும் எடுத்துக்கொண்டு நான் தனியாகத் திடலுக்குப் போனேன். மேடை முழுக்க இரண்டு கை சுண்ணாம்பு அடித்தேன். காய்ந்த பிறகு தங்கராசுவின் பேரை எழுதினேன். தேதியை எழுதினேன். நடுவில் இருந்த வரியை எழுதவில்லை. பெயிண்ட் மிச்சம் இருந்தது. அந்த இடத்தில் வேறு என்ன எழுதலாம் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், கை போகவில்லை. வெறும் வெள்ளையாகவே விட்டுவிட்டேன். பிறகு, மேலத்தெரு ஆட்கள் வந்து அழித்துவிட்டார்கள் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாதே என்று, வாய்க்காலிலிருந்து முதல் ஆள் திரும்பி வருகிற வரைக்கும் சிவப்புப் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அங்கேயே வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.